படத்தின் பின்பக்கம்

திருகோணமலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சியின் முதல் நாள் மாலையில் பேசியது. பேச்சின் ஓட்டத்தைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, இந்தக் கச்சான் வெக்கையிலும் வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்திருக்கும் ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் புகைப்படக் கலைஞர் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் வேறு ஆட்கள். நான் ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். விடிய எழும்பி, கமராப் பையைச் சைக்கிளில் கொளுவிக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் தூரம் போவேன். தூரம் என்றால் நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம், அவ்வளவுதான். இந்தச் சுவர்களில் தொங்கும் படங்கள் எல்லாம் அந்தச் சைக்கிள் போன தூரத்துக்குள் எடுத்தவை.

முதல் கமரா ஒரு யாஷிகா. வெளிநாட்டில் வேலை செய்த மாமா கொண்டுவந்து தந்தது. ஒரு ரோலில் 36 படம். ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரதிக்குக் காசு. ஒரு மாதத்துக்கு ஒரு ரோல் என்று எனக்கு நானே கணக்கு வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு படம், விசேஷ நாளுக்கு இன்னொன்று. அந்தக் கணக்கு என்னை நன்றாகப் பழக்கியது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கவும், இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பி வரவும் அதுதான் சொல்லித் தந்தது.

நம்முடைய ஊர் படம் எடுப்பவர்களுக்கு என்றே அமைந்த மாதிரி. நகரம் ஓர் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உள் துறைமுகம். காலையில் கடலில் சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம். பின்னேரம் கொஞ்ச நேரம் நடந்து உட்துறைமுக வீதிக்குப் போனால் அதே சூரியன் துறைமுகத் தண்ணீருக்கு அப்பால் குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர் எத்தனை இருக்கிறது?

ஒரே இடத்துக்கு வருடக்கணக்காகப் போனால் தெரியவரும் விஷயங்கள் உண்டு. ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே தள்ளி எழும்பும், மார்கழியில் தெற்கே தள்ளி எழும்பும். இரண்டுக்கும் இடையில் அடிவானத்தில் ஏறக்குறைய 47 பாகை வித்தியாசம். அதனால் கரையில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, கோணேசர் மலைக்கு நேர் பின்னால் சூரியன் எழும்புவது வருடத்தில் சில நாட்களுக்குத்தான் கிடைக்கும், அதுவும் முகில் விட்டால். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுவிலும் மதியச் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். நட்டு வைத்த தடிக்கு நிழல் இருக்காது. அந்த நேரத்தில் யாரையும் வெயிலில் நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். விளக்கு வைக்கிற நேரம் நம் பக்கத்தில் சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம், அதற்குள் இருட்டு. கமராவை எடுத்து லென்ஸைத் துடைக்கிறதுக்குள் வெளிச்சம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே வரும்போது இடது பக்கச் சுவரில் முதலாவதாக ஒரு படம் இருக்கிறது. எல்லோரும் அதற்கு முன்னால் நிற்கிறீர்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2003ஆம் ஆண்டு, திருக்கடலூர்க் கரை. சண்டை ஓய்ந்திருந்த காலம், விடியற்புறம் பயமில்லாமல் கரைக்குப் போகலாம். கரைவலை இழுக்கிறார்கள். தோணி போய் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு வர, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டமாகப் பிடித்து, அம்பா என்கிற வலை இழுக்கும் பாட்டைப் பாடி, பின்னுக்குச் சரிந்து சரிந்து இழுப்பார்கள். மீன் சேரும் வலை மடி கரைக்கு வர நீண்ட நேரம் எடுக்கும். சில கரைகளில் இப்போது உழவு இயந்திரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள், அங்கே அம்பாவுக்கு வேலை இல்லை. இந்தப் படத்தில் பாதிச் சூரியன் கடலுக்கு மேல் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் பன்னிரண்டு பேர் கறுப்பு உருவமாக, ஒரே சரிவில், ஒரே கயிற்றில். நான் அதுவரை எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று நினைத்தேன். பெரிதாகப் பிரதி எடுத்து, அடுத்த ஞாயிறு கரைக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். கயிற்றின் கடைசியில் நின்று சுருட்டிப் போடுகிற ஒரு ஐயா இருந்தார். அறுபது வயது இருக்கும். அவர் படத்தைக் கையில் வாங்கி, கிட்டப் பிடித்து, தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வடிவாத்தான் இருக்கு தம்பி. இதில நான் எது?”

நான் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார்: “முகம் தெரியிற மாதிரி ஒண்டு எடுத்துத் தாரும்.”

இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. நான் கரையில் நின்று, சூரியனைப் பார்த்து, அவர்களுடைய முதுகை எடுத்திருக்கிறேன். அவர்களுடைய வேர்வையும் முகமும் நெற்றிச் சுருக்கமும் சூரியன் விழுந்து மறுபக்கத்தில் பளிச்சென்று இருந்திருக்கின்றன. அதைப் பார்க்க நான் போகவேயில்லை.

அடுத்த முறை முழங்கால் தண்ணீரில் இறங்கி, சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்து நின்றேன். பிள்ளைகளே, இதை வீட்டுக்குப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் சூரிய உதயத்தைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் திரும்பி, பார்க்கிறவர்களைப் பாருங்கள். அவ்வளவு மிருதுவான வெளிச்சம் எந்த ஸ்ரூடியோவிலும் இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பளிச்சென்ற கடலையோ மணலையோ பின்னால் வைத்து ஒருவரை எடுத்தால் கமரா ஏமாந்துவிடும். தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் அதன் ஒளிமானி கணக்குப் போடுகிறது. வெளிச்சம் கூடிப்போயிற்று என்று அது குறைக்க, நம்முடைய ஆட்களின் முகம் கரியாகப் போய்விடும். அப்போது ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காக விழும்படி, கூட்டி வையுங்கள். கைத்தொலைபேசி என்றால் முகத்தில் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கடல் வெளிறினால் வெளிறட்டும். அது நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

அந்த ஐயாவை அப்படி ஒரு நாள் எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று இல்லை. அடுத்த கிழமை தருகிறேன் என்றேன். வேலை, வீடு, பிள்ளைகளின் பரீட்சை என்று நாள் போனது. பார்க்கும்போதெல்லாம் தருகிறேன், தருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நெகட்டிவ் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

2004 டிசெம்பர் 26 பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடல் வந்து போன பிறகு கரையோரத்து வீடுகளில் ஆட்கள் சேற்றைக் கிளறித் தேடியவற்றில் காணி உறுதி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, நகை இருந்தது. அடுத்தது அல்பம். உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களைப் பிரிக்க முடியுமா என்று என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக ஊறவைத்துச் சிலதைப் பிரிக்க முடிந்தது. பலதில் நிறம் முழுக்கக் கழன்று தண்ணீரோடு போய்விட்டது. வெறும் வெள்ளைக் கடதாசியை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டவர்களும் எறியவில்லை.

சில வருடம் கழித்து அந்த ஐயா காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு முதல் அவருடைய மகள் என் வீட்டைத் தேடி வந்தார். செத்த வீட்டுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தோம் ஐயா, அதில அப்பா களவெடுத்த ஆள் மாதிரி முழிக்கிறார், நீங்கள் ஒன்று எடுத்ததாக அவர் சொல்லுவார் என்றார். நம் ஊரில் எத்தனை வீடுகளில் இதே கதை! வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதனுக்குச் சுவரில் தொங்க ஒரு படம் இல்லாமல், அரசாங்கம் எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்து மாலை போடுகிறோம்.

நான் லாச்சியைத் திறந்து நெகட்டிவை எடுத்தேன். அவசரத்துக்கு ஒரு ஸ்ரூடியோவில் பெருப்பிக்கக் கொடுத்தேன். வந்த படத்தில் முகத்தை வெள்ளையாக்கி, சுருக்கங்களை அழித்து, இல்லாத பல்லையும் வைத்துவிட்டார்கள். மகள் பார்த்துவிட்டு, “இது அப்பா இல்லை” என்றார். திரும்பவும் எடுப்பித்தோம், எதையும் தொடவேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் நின்று எடுப்பித்தேன். இந்த முறை அவர் படத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“ஐயா, இது எப்ப எடுத்தது? அம்மா இருக்கேக்கையா, அம்மா போன பிறகா?”

அவருடைய அம்மா கடலோடு போனவர். அப்பா இப்படிச் சிரித்தது எந்தக் காலத்தில் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டியிருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோலில் திகதி இல்லை, நான் எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. இரண்டு நாள் அந்த நெகட்டிவ் கீற்றுகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஐயாவின் படத்துக்கு மூன்று படம் தள்ளி ஒரு மதில் இருந்தது. மதிலில் ஒரு தேர்தல் சுவரொட்டி, இன்னும் கிழியவில்லை. 2004 ஏப்ரலில் நடந்த பொதுத் தேர்தல் சுவரொட்டி அது. அப்படியென்றால் படம் கடல் வருவதற்கு முன். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். அவருடைய கணவர்தான் வந்து எனக்குத் தேத்தண்ணி தந்தார்.

அன்றிலிருந்து நான் எடுக்கும் படத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஆள் பெயர், இடம், திகதி, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி. மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதவேண்டும், பேனை மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவரும், அழுத்தினால் தடம் விழும். அதோடு ஒரு பிரதியை அந்த ஆளின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுத்து முடியும்வரை அந்தப் படம் எனக்கு முடிந்த படம் இல்லை.

படம் எடுப்பதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அம்மா இருக்கிறார், ஜூலியா மார்கரெட் கமரன். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுக்க, அதன் பிறகுதான் படம் எடுக்கத் தொடங்கினார். பொழுதுபோக்காக எடுப்பவர்களுக்கெல்லாம் அவர் ஒரு தெம்பு. இங்கிலாந்தில் டார்வின், கவிஞர் ரெனிசன் போன்ற பெரிய மனிதர்களை எடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிருந்த காலத்தில் களுத்துறையிலும் தோட்டப் பகுதியிலும் சாதாரண ஆட்களை எடுத்திருக்கிறார். எஞ்சியிருப்பவை மிகச் சில படங்கள்தான். கண்ணை எடுக்க முடியாத முகங்கள் அவை. நம்முடைய தமிழ்ச் சனங்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் எடுத்த பெரியவர்களுக்குப் பெயர் இருக்கிறது, இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஓர் இளம் பெண், கிராமத்தவர் சிலர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த முகங்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்று எங்கோ இருக்கவேண்டும். இது எங்கள் பாட்டி என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. ஒரு வரி பென்சில் போதுமாக இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக நம் ஊரிலேயே ஒன்று சொல்கிறேன். இங்குள்ள பழைய வெள்ளைக்காரர் சேமக்காலையில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. நாவலாசிரியர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி. 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள். எனக்கு நின்று வழிகாட்டிய அனுபவம் உண்டு. நிலாவெளி வீதியில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலச் சேமக்காலைக்குப் போனால், அங்கும் வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொரு கல்லிலும் பெயர், திகதி. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். எழுதி வைத்ததால் அவர்களுடைய ஊரவர் இன்றும் வந்து பூ வைக்கிறார்கள்.

நம் ஆட்கள் எழுதுவதில் பின் நிற்பதில்லை. காணிக்குத் தோம்பு எழுதினோம், பிள்ளைக்குச் சாதகம் எழுதினோம், கோயிலுக்கு யார் எத்தனை தேங்காய் கொடுத்தார் என்றும் எழுதி வைத்தோம். படத்துக்கு மட்டும் எழுதாமல் விட்டுவிட்டோம்.

கோணேசர் கோயில் மலையில் நிற்கும்போது நான் அடிக்கடி நினைப்பது ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள், தூண்களைக் கடலில் தள்ளினார்கள் என்று நம் பாட்டன்மார் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைக் கதை என்றார்கள். 1956 அளவில் மைக் வில்சன் என்ற நீர்மூழ்கிப் படப்பிடிப்பாளரும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அந்த மலையடிக் கடலில் இறங்கியபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் அங்கே கிடந்தன. படத்தோடு வந்தபோதுதான் மற்றவர்கள் நம்பினார்கள். படத்துக்கு அப்படி ஒரு வலு இருக்கிறது. அதை நாம் சூரிய உதயத்துக்கு மட்டும் செலவழிக்கிறோம்.

கோட்டை வாசல் மான்களுக்கு வருகிறேன். நம் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுக்கும் படம் அது, தவறில்லை, புள்ளிமானை வீதியில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும். நானும் பல வருடம் மானை மட்டும் எடுத்தேன். காலடியில் கிடக்கும் சொப்பிங் பைகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவேன். ஒரு நாள் ஒரு பெட்டைமான் பையோடு சேர்த்துச் சோற்றை மென்றுகொண்டிருந்தது. பையை விடுவிக்கக் கிட்டப் போனேன், அது வாயில் தொங்கும் பையோடு ஓடிப்போனது. அதற்குப் பிறகு பையையும் சேர்த்தே எடுக்கிறேன். வடிவு குறையும்தான். அந்தப் படங்கள் மண்டபத்தின் பின் மூலையில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். சாப்பாடு போடுகிறவர்கள் அன்பில்தான் போடுகிறார்கள். பையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

புறாமலைத் தீவைப் பற்றிக் கேட்பீர்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், நல்லது. நான் மிகக் குறைவாகத்தான் போயிருக்கிறேன். பவளப் பாறையில் கால் வைத்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் படம் எடுக்கக் கை வருவதில்லை.

ஆனால் கிண்ணியாவைப் பற்றிக் கதைக்கவேண்டும். 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அன்றைக்குப் பாலத்தை எடுக்காத ஆள் இல்லை. அதற்கு முதல் நாங்கள் பாதையில் போனோம். பாதை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு நடக்கிற வழி என்றுதான் விளங்கும். எங்களுக்கு அது ஆளையும் ஆட்டையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடனீரைக் கடந்த மிதவை. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மாப்பிள்ளை ஊர்வலம் போனதும் மையித்து போனதும் அதில்தான். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற இடம். நான் எத்தனையோ தரம் அதில் போயிருக்கிறேன். என்னிடம் இருப்பது மொத்தம் ஏழே ஏழு படங்கள். ஒவ்வொரு நாளும் இருப்பதுதானே, பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன். பாலம் வரவேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாதை போகப்போகிறது என்று தெரிந்தும் ஒரு ரோலைக் கூட அதற்கு ஒதுக்கவில்லை என்பதுதான் என் மனதைக் குடைகிறது. இப்போது நான் நம் ஊரில் தேடித் தேடி எடுப்பதெல்லாம் நாளைக்கும் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறவற்றைத்தான். சைக்கிள் திருத்தும் கடை, தையற்காரரின் கால் மெசின், மீன் சந்தையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் படிக்கற்கள், ஓலைவேலி. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது எல்லோரும் சுவாமியை எடுப்பார்கள். நான் வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாமாரை எடுக்கிறேன். குத்துவிளக்கு வெளிச்சம் கீழிருந்து முகத்தில் விழும். சேலை மாற்றி, தலை முடித்து, பூ வைத்து நிற்பார்கள். சுவாமி வருகிறார் என்பது அந்த முகத்தில் தெரியும்.

எடுக்காமல் விடும் இடங்களும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளையும் எடுத்திருக்கிறேன், ஆவி பறக்கும் விடியற்காலத்தில். அங்கே யாராவது தாய் தகப்பனுக்குக் கிரியை செய்ய வந்து ஈர உடுப்போடு நின்றால் கமரா பைக்குள் போய்விடும். கேட்டால் சம்மதிப்பார்கள்தான், அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். அதனாலேயே கேட்கக்கூடாது. கடற்படைத் தளப் பக்கம் எடுக்க அனுமதி இல்லை, அங்கே வீரம் காட்டாதீர்கள்.

தம்பலகாமத்துக் குடாவில் ஒரு வகைச் சிப்பி இருக்கிறது. தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், எண்ணெய் தடவிய கடதாசி மாதிரி வெளிச்சம் கசியும். கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்த இனச் சிப்பியைக் கண்ணாடிக்குப் பதில் யன்னலில் பதித்திருக்கிறார்கள். கரையில் ஒதுங்கிக் கிடந்தவற்றைப் பொறுக்கி வந்து, ஒரு பழைய படச் சட்டத்தில் வரிசையாக ஒட்டி, யன்னலில் சாத்தி வைத்திருக்கிறேன். வெயில் அதற்குள்ளால் வரும்போது முத்து நிறத்தில் வரும். வீட்டுக்கு வருகிற வயது போனவர்களை அந்த யன்னலோரம் இருத்தி ஒரு படம் எடுப்பேன். அங்கே தொங்கும் ஒன்பது பாட்டிமாரும் அந்த வெளிச்சத்தில் இருந்தவர்கள்தான். ஒவ்வொருவரும் முதலில் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: “என்னை ஏன் மோனை எடுக்கிறாய், நான் கிழவி.” பிறகு தலையைக் கோதிக்கொண்டார்கள்.

கருவியைப் பற்றி அதிகம் இல்லை. எந்தக் கமராவும் காணும். நம் உப்புக் காற்றும் ஈரமும்தான் எதிரி. லென்ஸை இருட்டான அலுமாரியில் மாதக்கணக்காகப் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சணம் வலை பின்னிவிடும். காற்றுப் போகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துப் பாவியுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் வியர்த்துப்போகும், பையோடு கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். பிள்ளைகளுக்கு இன்னொன்று. உங்கள் கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். போன் கடலில் விழுந்தால் எல்லாம் அதோடு போகும். மாதத்துக்கு ஐந்து படத்தைத் தெரிந்தெடுத்துப் பிரதி எடுங்கள். அம்மம்மாவிடம் கொண்டுபோய், இதில் நிற்பது யார் யார் என்று கேட்டுப் பின்னால் எழுதுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. இங்கே 64 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஆளின் பெயரை எழுதியிருக்கிறேன், அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான். ஆனால் ஆறு படத்தில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எல்லாம் நான் எழுதத் தொடங்கும் முன் எடுத்தவை. அவற்றின் கீழே வெறும் கடதாசி ஒட்டியிருக்கிறேன், நூலில் பென்சில் கட்டித் தொங்குகிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்த ஒழுங்கை, யாருடைய தகப்பன் என்றாவது எழுதுங்கள். முக்கியமாகக் கிண்ணியாப் பாதைப் படம், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை பெய்கிறது. ஓர் அம்மா பூப்போட்ட குடையைத் தனக்குப் பிடிக்காமல், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைகிறார். பிள்ளை வெள்ளைச் சீருடை, இடது கையில் சாப்பாட்டுப் பெட்டி. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்த மண்டபத்தில் கூட இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் எடுத்து வைத்த பிரதிகள் என் பைக்குள் இருக்கின்றன. ஏழு மணிவரை நான் கதவடியில்தான் நிற்பேன்.